555 புத்தகமும் ஒரு மிக்ஸியும்

வணக்கம், நேயர்களே.

சென்ற மாதம் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்தேன். என் பெரியம்மா அங்கே ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தனியாக இருக்கிறார். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ஈடிஎஸ் மின்ரயில் ஏறினால், ஈப்போவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடும். கையில் ஒரு பெரிய பெட்டி, அதற்குள் புது மிக்ஸி. இணையத்தில் தள்ளுபடிக்கு வந்தது. மூன்று தவணையில் கட்டலாம் என்று போட்டிருந்தார்கள், சரி என்று அழுத்திவிட்டேன்.

பெரியம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கறதே நல்லாத்தானே அரைக்குது, எதுக்கும்மா இது?" என்றார். அதை அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு, "வா, பசியாறலாம்" என்று தோசைக்கல்லை அடுப்பில் போட்டார்.

பழைய மிக்ஸியை நான் அப்போதுதான் கவனித்தேன். மூடியின் ரப்பர் வளையம் எப்போதோ போய்விட்டது. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி அந்த இடத்தில் மாட்டியிருக்கிறார். வெட்டிய ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை அது. உள்கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிக்கொண்டு உளியை ஓட்டிப் பழகிய கை.

அன்று மத்தியானம் ஊசி நூல் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தபோது ஒரு 555 புத்தகம் கிடைத்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். உள்ளங்கை அளவு, மளிகைக்கடைக் கடன் கணக்கு எழுதுவது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஓரிடத்தில் 'பள்ளிச் சப்பாத்து ஒரு ஜோடி'. ஒவ்வொரு மாதக் கணக்குக்குக் கீழேயும் குறுக்கே ஒரு கோடு. சம்பள நாளில் பணத்தைக் கட்டியதும் கடைக்காரர் போட்ட கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறையும். இதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதும் தெரியும். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால், "போன மாசத்தை முடிச்சிட்டு எடுத்துக்கலாமே" என்று முகத்துக்கு நேரே சொல்வாராம்.

இரவு படுத்துக்கொண்டு என் கைப்பேசியைத் திறந்து தவணைகளை எண்ணினேன். ஐந்து ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் செயலிக்கு என் முகம் தெரியாது, என் வீட்டில் மழையா வெயிலா என்பதும் தெரியாது. ஒன்றைக் கட்டி முடித்த அன்றே உங்கள் கடன் வரம்பு உயர்ந்திருக்கிறது என்று வாழ்த்துச் செய்தி அனுப்புகிறது. கோடு போட அங்கே யாருமே இல்லை.

தோட்டத்துக் காலம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. லயத்து வீடு, பொதுக் குழாய், விடிவதற்கு முன்னால் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓட்டம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த பிள்ளையின் அழுகை. அந்த வாழ்க்கையை நம் பிள்ளைகள் வாழ வேண்டாம். ஆனால் எதற்குப் பணத்தைக் கட்டுவது என்பதில் அந்த மனிதர்களுக்கு ஒரு தெளிவு இருந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார்களின் தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது, இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். நாள் கூலிக்காரர்களுக்கு அது சின்னப் பணம் இல்லை. கொடுத்தார்கள். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது அப்படித்தான். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தாங்கள் பால் வெட்டிய மாதிரியான தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். பெரியப்பாவும் கட்டினாராம். "அந்த மாசமெல்லாம் கருவாட்டுக் குழம்புதான்" என்றார் பெரியம்மா, பெருமையாக.

கோலாலம்பூர்ப் பக்கம் இன்று நாம் சுற்றும் இடங்களில் பலவும் தோட்டங்களாக இருந்தவைதான். சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டம். 1995-இல் திறந்த ஒன் உத்தாமா பேரங்காடி இருக்கும் பண்டார் உத்தாமா, எஃபிங்ஹாம் தோட்டம். நம் ஆட்கள் வாளி தூக்கி நடந்த மண்ணில் நாம் பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

நகரத்து ஆட்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, நானும் அங்கேதானே இருக்கிறேன். வேலை முடிந்து நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்பவருக்குப் பேசவும் தெம்பு இருப்பதில்லை. கைப்பேசியில் எதையாவது வாங்குவதே ஓய்வாகிவிட்டது. அந்தப் பொருள் தேவை என்று வாங்குவதில்லை, நாளைக்கு நமக்கென்று ஒன்று வரப்போகிறது என்ற நினைப்புக்காகத்தான் வாங்குகிறோம். சுங்கை சிப்புட்டில் அந்த நான்கு நாளும் நான் எதையும் வாங்கவில்லை. விரதம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக்கீரையோடு வந்துவிடுவார். உருவிக்கொண்டே பேசினால் எட்டு மணி ஆகிவிடும். கைப்பேசி எங்கே கிடந்தது என்றுகூட நினைவில்லை.

கேஎல் திரும்பியதும் இரண்டு தவணைகளை ஒரேயடியாகக் கட்டி முடித்தேன். மற்ற மூன்றும் முடியும்வரை புதிதாக எதுவும் எடுப்பதில்லை என்று பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "நல்லதும்மா" என்றார். அப்புறம், அந்தக் கீரை அக்காவின் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததைச் சொன்னார். "உன் மிக்ஸியைப் பிரிக்காம அப்படியே கொடுத்துட்டேன். மேலே உன் பேரைத்தான் எழுதினேன். பொண்ணு உன்னைக் கேட்டுச்சு, அடுத்த தடவ வரும்போது போய்ப் பார்த்துட்டு வருவோம்."