தென் டிரோலில் நீங்கள் எந்த மொழிக்காரர்?

நேயர்களுக்கு வணக்கம். மொழி உரிமை என்றதும் நமக்குப் பெயர்ப்பலகைச் சண்டைதான் நினைவுக்கு வரும். இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கிற தென் டிரோலில், அரசு மனிதர்களையே மொழிவாரியாகப் பிரித்து எண்ணுகிறது.

முதல் உலகப்போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைமாறிய, ஜெர்மன் பேசுவோர் அதிகமுள்ள நிலம் அது. முசோலினி காலத்தில் ஜெர்மன் பள்ளிகள் மூடப்பட்டன, ஊர்ப்பெயர்கள் இத்தாலியமாக மாற்றப்பட்டன. பிள்ளைகளுக்கு ஒளித்து ஒளித்துத்தான் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார்கள். 1939-இல் ஹிட்லரும் முசோலினியும் பேசி முடிவெடுத்து, ஜெர்மனிக்குப் போகிறீர்களா, இத்தாலியராக இருந்துவிடுகிறீர்களா என்று அந்த மக்களைக் கேட்டார்கள். இந்தக் காயத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் இன்றைய சட்டம் புரியாது.

1972-இன் தன்னாட்சிச் சட்டம் ஜெர்மனை இத்தாலியனுக்குச் சமமாக வைத்தது. ஜெர்மனில் மனு கொடுத்தால் ஜெர்மனில் பதில் வர வேண்டும். அரசு வேலைக்கு இருமொழித் தேர்வு உண்டு. அந்த வேலைகளும் மொழிக்குழுக்களின் மக்கள்தொகை விகிதப்படியே பங்கிடப்படும். 2011 கணக்கில் ஜெர்மன் குழு 69 சதவீதம், இத்தாலியர் 26, லடின் என்ற சிறு மலை மொழியைப் பேசுவோர் நாலரை. காகிதத்தில் மட்டும் இருமொழி நடத்தும் அரசுகளைப் பார்த்துச் சலித்த எனக்கு இது பெரிய சாதனையாகவே படுகிறது.

ஆனால் பங்கு கேட்க வேண்டுமென்றால் முதலில் எந்தக் குழு என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அப்பா இத்தாலியர், அம்மா ஜெர்மன் என்றால் பிள்ளை என்ன எழுதும்? 'மற்றவர்' என்று எழுத இடமுண்டு. அப்போதும் மூன்றில் ஒரு குழுவோடு ஒட்டிக்கொள்ளத்தான் வேண்டும். அலெக்சாண்டர் லாங்கர் என்ற அரசியல்வாதி இப்படிப் பிரிப்பதை ஏற்காமல், எழுதிக்கொடுக்கவே மறுத்தார். அதனால் 1995-இல் தென் டிரோலின் தலைநகரான போல்சானோவின் மேயர் தேர்தலில் அவர் நிற்க முடியாமல் போனது. இரண்டு மொழியிலும் சரளமாக எழுதிய மனிதர், பாருங்கள்!

பள்ளிகளும் தனித்தனிதான். ஜெர்மன் பள்ளியில் இத்தாலியன் ஒரு பாடம், இத்தாலியப் பள்ளியில் ஜெர்மன் ஒரு பாடம். லடின் பள்ளத்தாக்குகளில் மட்டும் வேறு ஏற்பாடு. பாடங்களில் பாதி ஜெர்மனில், பாதி இத்தாலியனில். லடினுக்கு வாரத்தில் சில மணி நேரம். பிள்ளைகள் மூன்று மொழியோடு வெளியே வருகிறார்கள். இருமொழி மாகாணத்தில் இருமொழிப் பள்ளி மிகச்சிறிய குழுவுக்கே வாய்த்திருக்கிறது. கலந்தால் கரைந்துவிடுவோம் என்று ஜெர்மன் குழுவில் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரை நூற்றாண்டாகச் சட்டக் காவலில் இருக்கும் மொழி இன்னும் ஒரு கலப்புப் பள்ளிக்கு அஞ்ச வேண்டுமா?

லடினுக்கும் இந்தப் பாதுகாப்பு மாகாண எல்லை வரைதான். பக்கத்து பெல்லூனோ மாகாணத்தில் கோர்ட்டினா தம்பெட்சோவிலும் லடின் பேசுகிறார்கள். அங்கே இந்தப் பள்ளியும் இல்லை, வேலைப் பங்கீடும் இல்லை. 2007-இல் கோர்ட்டினாவும் அண்டை ஊர்கள் இரண்டும் தென் டிரோலோடு சேர வேண்டுமென்று பெருவாரியாக வாக்களித்தன. வாக்கெடுப்புக்குப் பிறகும் அவை பெல்லூனோவில்தான் இருக்கின்றன.