காலிப் பணியிடங்களும் அரசுப் பள்ளிகளும்

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளிகளைக் காப்பது பற்றிப் பேச அழைத்தார்கள். நான் ஆசிரியர் பணியிடங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. ஒரு பள்ளியை மூடுகிறோம் என்று ஆணை போட்டால் பெற்றோர் திரண்டு வருவார்கள், பத்திரிகையில் செய்தி வரும், வழக்குக்கூடப் போடுவார்கள். ஆணையே இல்லாமலும் அதைச் செய்யலாம். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியரின் இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும். அறிவியல் ஆசிரியர் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். அடுத்த ஆண்டு அவரும் மாறுதலில் போய்விடுவார். அதற்கடுத்த ஆண்டு, கொஞ்சம் வசதி இருக்கிற பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் ஒரு வருஷம் போனால் போனதுதான். சேர்க்கை குறைந்த பிறகு மேலிடத்திலிருந்து கேள்வி வரும்: 'பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு எதற்கு இத்தனை ஆசிரியர்?' அந்தக் கேள்வியோடு இன்னொரு பணியிடமும் போகும். கடைசியில் மூடும் ஆணை வரும்போது எதிர்த்துக் கேட்க ஆளே இருக்காது.

அரசுப் பள்ளி போனால் என்ன, வேறு பள்ளி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 26-வது பிரிவு, கல்வி ஒவ்வொருவருக்கும் உரிமை, தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த வாக்கை நாள்தோறும் சுமப்பது அரசுப் பள்ளிதான். வேலை தேடி இடம் மாறிய குடும்பத்தின் பிள்ளை ஆண்டின் நடுவில் வந்து நிற்கும். கையில் சான்றிதழ் இருக்காது. காது சரியாகக் கேட்காத பிள்ளை வரும். இரண்டு பள்ளிகள் 'எங்களால் முடியாது' என்று அனுப்பிவிட்ட பிள்ளை வரும். மற்ற பள்ளிகள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இங்கே தலைமை ஆசிரியர் பேரேட்டைத் திறந்து பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடமையைச் சந்தையிடம் விட்டால் என்ன ஆகும் என்று யூகிக்க வேண்டியதில்லை. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1981-இல், ராணுவ சர்வாதிகாரி பினோசெட்டின் ஆட்சியில், அதைச் செய்து பார்த்தார்கள். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அந்தப் பள்ளிக்குப் பணம் கொடுத்தார்கள், அதைத் தனியார் நடத்தினாலும் சரி. அரசுப் பள்ளிகளை நகராட்சிகளின் தலையில் கட்டினார்கள். ஆசிரியர்கள் அரசு ஊழியர் என்ற நிலையை இழந்தார்கள். அன்றைக்கு நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படித்தார்கள். முப்பது ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2006-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சீருடையோடு தெருவுக்கு வந்தார்கள். 2011-இல் மறுபடியும் பெரிய போராட்டம். 2015-இல் வந்த சட்டம்தான், அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் லாபம் எடுப்பதையும், பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதையும், பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதையும் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. ஒரு தலைமுறைக்கும் மேல் ஆகிவிட்டது. சுவீடன் செல்வம் உள்ள நாடு. அங்கும் 1992-இல் இதே வகை ஏற்பாடு வந்தது. 2013-இல் பள்ளிகள் நடத்திவந்த ஒரு பெரிய நிறுவனம் திவாலானது. சுமார் 10,000 மாணவர்கள் அதன் பள்ளிகளில் இருந்தார்கள். சில பள்ளிகளை வேறு ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள், மற்றவை மூடப்பட்டன.

சரி, ஆசிரியரிடம் வருவோம். ஒரு வகுப்பறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். கரும்பலகையின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. இடது பக்கம் வகுத்தல், வலது பக்கம் பின்னம். ஆசிரியர் இடது பக்கத்தை விளக்கும்போது வலது பக்கத்துப் பிள்ளைகள் தாங்களாகவே கணக்குப் போடுகிறார்கள். ஒரு சிறுமி, மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி, ஏழில் இரண்டு என்று விடை எழுதியிருக்கிறாள். மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவிட்டாள். அனுபவமுள்ள ஆசிரியருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அவள் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, ஒரு காகிதத்தை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் மடித்துக் காட்டி, 'ஏழில் இரண்டு என்றால் மூன்றில் ஒன்றைவிடச் சின்னதாகப் போய்விடுகிறதே, கூட்டினால் குறையுமா?' என்று கேட்டால் போதும், அவளே அழித்துவிட்டுத் திருத்துவாள். அந்த ஐந்து நிமிஷம் அவரிடம் இல்லை. இடது பக்கத்தில் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். மேசையில் கைப்பேசி ஒலிக்கிறது: மதியத்துக்குள் இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பவும். போன வாரம் அனுப்பிய அதே விவரம்தான், வேறு படிவத்தில்.

அந்தச் சிறுமிக்கு அப்புறம் விகிதம் வரும், இயற்கணிதம் வரும். பின்னம் புரியாமல் அவற்றுக்குள் நுழைய வழியே இல்லை. ஐந்தாறு ஆண்டு கழித்துத் தேர்வு முடிவைப் பார்த்து, 'அரசுப் பள்ளியில் தரம் இல்லை' என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தரம் அன்றைக்கே, அந்த அறையிலேயே, இன்னொரு ஆசிரியர் இல்லாததால் போனது.

2030-க்குள் உலகத்துக்கு 4.4 கோடி ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை என்று ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. அதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள் 2015-இல் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 2022-இல் ஒன்பது பேர். அதாவது புதிதாக ஆள் எடுப்பது பாதி வேலைதான். எடுத்த ஆளைத் தக்கவைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். பத்தாண்டு பாடம் நடத்திய ஒருவர் விலகும்போது, ஏழில் இரண்டு ஏன் வந்தது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த கண்ணும் அவரோடு போய்விடுகிறது. தற்காலிக நியமனத்தில் வந்து, ஆண்டு முடிந்ததும் வேலை இருக்குமா என்று தெரியாமல் நிற்பவரிடம் அந்த அனுபவம் எப்படிச் சேரும்?

பள்ளிக் கல்விக்குப் பேர்போன பின்லாந்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970-களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகைப் பொதுப் பள்ளி என்று மாற்றினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆசிரியர் படிப்பை முதுகலைப் பட்டம் என்ற நிலைக்கு உயர்த்தினார்கள். 1990-களில் பள்ளி ஆய்வாளர் முறையையே எடுத்துவிட்டார்கள். இந்த வரிசையைத்தான் கவனிக்க வேண்டும்: முதலில் ஆசிரியருக்கு நல்ல படிப்பைக் கொடுத்தார்கள், பிறகு நம்பிக்கையைக் கொடுத்தார்கள்.

'வேலைக்கே ஒழுங்காக வராத ஆசிரியர்கள் இருக்கிறார்களே' என்று பெற்றோர் கேட்பது என் காதில் விழுகிறது. இருக்கிறார்கள். அவர்களைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆசிரியர் சங்கமும் அவர்களுக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. ஆனால் அதைச் செய்ய வேண்டிய தலைமை ஆசிரியரே மூன்று வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, எழுத்தர் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தால், யார் எந்த வகுப்பில் என்ன செய்கிறார் என்று அவர் எப்போது போய்ப் பார்ப்பது?

கஷ்ட காலத்தில் ஆசிரியர்கள் எப்படி நின்றார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1992 முதல், போஸ்னியப் போரில் சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்தபோது, அங்குள்ள ஆசிரியர்கள் அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலவறைகளிலும் மாடிப்படிகளிலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். 2020-இல் பெருந்தொற்று பள்ளிக் கதவுகளை மூடியபோது, உலகம் முழுவதும் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டில் அடைந்தார்கள். தொலைபேசி இல்லாத வீடுகளுக்கு நடந்தே போய்ப் பாடத்தாள் கொடுத்த ஆசிரியர்கள் உண்டு. கைதட்டினோம். கைதட்டி முடித்ததும் பல இடங்களில் பழையபடி படிவங்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

ஆசிரியருக்கு ஆதரவு என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 2018 பிப்ரவரியில் நடந்த வேலைநிறுத்தம். சம்பளம் மிகக் குறைவு, மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டே போனது. 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் நின்றன. பள்ளி மூடினால் பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களே என்று, போராட்டம் தொடங்கும் முன்பே ஆசிரியர்கள் உணவுப் பொட்டலங்கள் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பெற்றோரும் அவர்கள் பக்கம் நின்றார்கள். சங்கத் தலைவர்கள் உடன்பாடு வந்துவிட்டது என்று அறிவித்த பிறகும், சட்டமன்றம் நிறைவேற்றும் வரை திரும்ப மாட்டோம் என்று ஆசிரியர்கள் உறுதியாக இருந்தார்கள். கடைசியில் 5 சதவீத உயர்வு கிடைத்தது, ஆசிரியர்களுக்கு மட்டும் இல்லை, மாநிலத்தின் எல்லா அரசு ஊழியர்களுக்கும்.

இப்போது நாம் செய்ய வேண்டியது. உங்கள் பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும், பக்கத்திலுள்ள அரசுப் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, இன்று நிரம்பியிருப்பவை எத்தனை, காலியாக இருப்பவை எந்தப் பாடத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து? இதை எழுத்தில் கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அவரும் இதே கேள்வியை மேலே அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்தான். அவருடைய கடிதத்தோடு உங்கள் கையெழுத்துகளையும் சேர்த்து அனுப்புங்கள். பாடவேளையில் படிவம் கேட்கக் கூடாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி, இன்னும் அதிகக் கையெழுத்துகளோடு எழுதுங்கள். சேர்க்கை குறைவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், அதனால் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். வணக்கம்.