சீட் பெல்ட் போல்ட் ஆடுதா? முறுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[காட்சி: முன் சீட்டுக்குப் பக்கத்துல, நடுத்தூணின் அடியில் பெல்ட் தகடு. ஒரு கை அதை அசைக்குது. டக், டக்.]

வணக்கம். இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேளுங்க. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கும்போதெல்லாம் கதவுப் பக்கத்துலேர்ந்து வரும். கதவு லாக்தான்னு நினைச்சு அங்க கிரீஸ் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. குனிஞ்சு பாத்தா சீட் பெல்ட்டைக் கீழ பிடிச்சிருக்கிற ஆங்கர் போல்ட் லூசா இருக்கும்.

"அவ்ளோதானே, ஒரு ஸ்பேனர் குடுங்க"ன்னு கிளம்பிடாதீங்க. இந்த போல்ட் தானா லூசாகுறது ரொம்ப அபூர்வம். ஏன் லூசாச்சுன்னு கண்டுபிடிக்காம முறுக்கினா மறுபடியும் லூசாகும்.

[காட்சி: மேல் ஆங்கர். பெல்ட் நுழையுற வளையம் அப்படியும் இப்படியும் சுழலுது.]

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்குவோம். தகடு ஆடுறது வேற, போல்ட் ஆடுறது வேற. தோள் பக்கம் இருக்கிற இந்த வளையம் சுழலணும். உங்க உயரத்துக்கும் உக்கார்ற விதத்துக்கும் ஏத்த மாதிரி பெல்ட் திரும்பணும்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நிறைய கார்ல கீழ்த் தகடும் ஓரளவு திரும்பும். போல்ட் தலையை விரலால பிடிச்சு ஆட்டிப் பாருங்க. தலை அசையலைன்னா பிரச்சினை இல்ல. அசைஞ்சா தொடர்ந்து பாருங்க.

[காட்சி: கழட்டின போல்ட், அருகிலிருந்து.]

இதோ போல்ட். தலைக்குக் கீழ மரை இல்லாம வழவழன்னு தடிமனா ஒரு பகுதி தெரியுதா? தகடு இதைச் சுத்தித்தான் திரும்புது. இதோட அடி விளிம்பு பாடியில, உலோகத்து மேல உலோகமா உக்காரணும். அப்பதான் போல்ட் இறுகும், தகடும் சுதந்திரமா திரும்பும்.

நம்ம ஊர்ல இங்கதான் தப்பு நடக்குது. கார் வாங்கின கையோட சீட் கவர், ஃப்ளோர் லேமினேஷன்னு ஆக்சஸரீஸ் கடையில விட்டுடறோம். அவங்க சீட்டையும் பெல்ட்டோட அடி போல்ட்டையும் கழட்டி, ரெக்ஸினை விரிச்சு, அதுக்கு மேலயே திரும்ப மாட்டிடறாங்க. மாட்டும்போது இறுக்கமாதான் இருக்கும். வெயில்ல நிக்க நிக்க ரெக்ஸினும் அடியில இருக்கிற பஞ்சும் அமுங்கிடும். அது அமுங்கின அளவுக்கு போல்ட் லூஸ். இந்த மாதிரி இருந்தா, தகட்டைச் சுத்தி ரெக்ஸினையும் பஞ்சையும் வட்டமா வெட்டி எடுத்துட்டுத்தான் போல்ட்டை மாட்டணும்.

இன்னொண்ணு, வாஷர் வரிசை. அலை மாதிரி வளைஞ்ச வாஷர், ஸ்பேசர், சில கார்ல மெல்லிசா ஒரு ஃபைபர் வாஷர். இடம் மாறினா தகடு இறுகிப்போகும், இல்ல போல்ட் முழுசா உக்காராது. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

[காட்சி: மஞ்சள் கனெக்டர். திரையில் சிவப்பு வட்டம்.]

இது முக்கியம். கழட்டப் போற ஆங்கர் பக்கத்துல மஞ்சள் கனெக்டர் இருந்தாலோ, சின்ன உருளை மாதிரி ஒண்ணு இருந்தாலோ அது ப்ரீடென்ஷனர். மோதல் நடக்கும்போது வெடிமருந்தால பெல்ட்டைச் சடார்னு உள்ள இழுக்கிற கருவி. அதைத் தொடவே வேண்டாம், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்க. மஞ்சள் ஒயர் இல்லாத ஆங்கரா இருந்தாலும் சாவியை ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்துட்டு வேலையை ஆரம்பிங்க.

[காட்சி: பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுப்பது.]

மூடியை மெதுவா நெம்பினா போல்ட் தெரியும். தலை பெரும்பாலும் 17 எம்எம், இல்லன்னா நட்சத்திர வடிவ டார்க்ஸ். டார்க்ஸ்னா டி50 மாதிரி சரியான அளவு பிட் வேணும். சின்னதைப் போட்டு அழுத்தினா தலை வழவழத்துடும்.

வெளிய எடுத்ததும் மரையைப் பாருங்க. நசுங்கியிருந்தாலோ, துரு தின்னிருந்தாலோ, போல்ட் லேசா வளைஞ்சிருந்தாலோ புதுசு போடணும். ஹார்டுவேர் கடைக்கு ஓடாதீங்க. உலகம் முழுக்க நிறைய கார்கள்ல இந்த இடத்துல மட்டும் இன்ச் மரை இருக்கும்: 7/16 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 20 மரை. குறுக்களவு 11 எம்எம்முக்குக் கொஞ்சம் மேல. கடையில குடுக்கிற 10 எம்எம் போல்ட் லொடலொடன்னு உள்ள போகும், பிடிச்ச மாதிரியும் தெரியும். இழுத்தா வந்துடும். உங்க கார் மாடலுக்கான ஒரிஜினல் போல்ட்டையே கேட்டு வாங்குங்க.

ஏன் இவ்ளோ கறார்னு கேட்டா, ஐ.நா.வோட 14-ஆம் எண் விதிப்படி பயணிகள் காரோட பெல்ட் ஆங்கர்களைச் சோதிக்கும்போது, தோள் பட்டையிலயும் மடிப் பட்டையிலயும் ஒரே நேரத்துல தலா 13,500 நியூட்டன் விசை குடுத்து இழுக்கிறாங்க. ஒவ்வொரு பட்டையிலயும் ஒரு டன்னுக்கு மேல. அந்தப் பாரம் மொத்தமும் இந்த மாதிரி ரெண்டு மூணு போல்ட் வழியாத்தான் பாடிக்குப் போகுது.

[காட்சி: விரலால் போல்ட்டைச் சுழற்றி ஏற்றுவது.]

மாட்டும்போது முதல் மூணு நாலு சுத்து வெறும் விரலாலதான். தடுத்தா வெளிய எடுத்து, பிரஷ்ஷால மரையைச் சுத்தம் பண்ணி மறுபடியும் போடுங்க. ஸ்பேனர் போட்டு நெட்டித் தள்ளினா மரை குறுக்கால ஏறிடும். எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீங்க, முறுக்குக் கணக்கே மாறிடும். தட்டித் தட்டி முறுக்குற இம்பாக்ட் கன் மெஷினும் வேண்டாம்.

கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச், அதாவது எவ்ளோ இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர். பல கார்ல இந்த இறுக்கம் 35-லேர்ந்து 50 நியூட்டன் மீட்டருக்குள்ள இருக்கும். உங்க காருக்கான எண் வொர்க்‌ஷாப் மேனுவல்ல இருக்கும், சர்வீஸ் சென்டர்ல கேட்டாலும் சொல்லுவாங்க. மரை லூசாகாம பிடிச்சு வைக்கிற த்ரெட் லாக்கர் பசை போடணுமா, புது போல்ட்டேதான் வேணுமாங்கிறதும் அதுலயே இருக்கும்.

சுத்திக்கிட்டே இருக்கு, இறுகவே மாட்டேங்குதா? உள்பக்கம் பாடியோட வெல்டு பண்ணின நட்டு விட்டுப்போயிருக்கலாம், இல்ல அதோட மரை போயிருக்கலாம். இங்க வீட்டு வைத்தியம் கிடையாது. அந்த சீட்ல யாரையும் உக்கார வைக்காம பாடி ஷாப்புக்குக் கொண்டு போங்க. மழைத்தண்ணி புகுந்த காரா இருந்தா தரைப்பக்கம் துருவையும் பாக்கச் சொல்லுங்க. காரணம் மோதல்னா போல்ட்டோட நிறுத்தாம பெல்ட், அதைச் சுருட்டி வைக்கிற ரிட்ராக்டர் எல்லாத்தையும் சர்வீஸ் சென்டர்ல காட்டணும்.

[காட்சி: தகடு திரும்புது, போல்ட் அசையலை.]

இறுக்கினதும் தகடு திரும்புதான்னு பாருங்க. பெல்ட் முறுக்கிக்காம நேரா இருக்கணும். வெடுக்குன்னு இழுத்தா லாக் ஆகணும். மூடியைப் போடுங்க, பேட்டரியை மாட்டுங்க, சாவியைத் திருப்புங்க. டேஷ்போர்டுல ஏர்பேக் விளக்கு சில நொடி எரிஞ்சு அணையும். அணையாம நின்னா நீங்களா எதையும் கிளறாதீங்க, சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டுப் பாக்கணும்.