ரஷ்யப் புல்லுக்கு நடுவே சேஜ்பிரஷ்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மேற்கே நெவாடா, யூட்டா, ஐடஹோ, ஆரிகன் மாநிலங்களில் பரந்து கிடக்கிறது கிரேட் பேசின் வறண்ட வெளி. அங்கே பல லட்சம் ஏக்கரில் இன்று நிற்பது க்ரெஸ்டட் வீட்கிராஸ் என்ற ஒரே புல். 1898-இல் ரஷ்யாவிலிருந்து வந்தது. 1930-களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு, பாழ்பட்ட மண்ணை மூடவும் மாட்டுக்குத் தீனியாகவும் ஏராளமாக விதைக்கப்பட்டது.

‘அங்கே இனி மண்ணின் செடி தலைதூக்காது’ என்று கைகழுவுகிறவர்கள் உண்டு. அது அவசர முடிவு. வேலிக்கு இரு பக்கமும் ஒரே மண், ஒரே மழை. ஒரு பக்கம் அந்த மண்ணுக்கே உரிய சேஜ்பிரஷ் புதர் இடுப்பளவு, மறுபக்கம் வெறும் புல் என்று இருக்கலாம். விதைத்த பிறகு அந்த நிலத்தை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

முதலில் மேய்ச்சல். எத்தனை மாடு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த மாதம் என்று கேட்பவர் குறைவு. வசந்தத்தில் மாட்டை விட்டால் அது பச்சைப் புல்லைத்தான் தேடும். கசப்பு எண்ணெய் நிறைந்த சேஜ்பிரஷை ஒதுக்கிவிடும். புல் குடிக்க வேண்டிய ஈரம் புதருக்கு மிஞ்சும், புதர் பெருகும். இலையுதிர் காலத்தில் ஆடு விட்டால் கதை தலைகீழ். புல் காய்ந்து சருகாகியிருக்கும், ஆடு புதரைக் கடிக்கும், புதர் குறையும்.

அப்படியானால் வருடாவருடம் வசந்தத்திலேயே மேய்த்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். அதே வேலியடைப்பில் புளூபன்ச் வீட்கிராஸ் என்ற நாட்டுப்புல் இருந்தால் முதலில் அடிபடுவது அதுதான். தொண்டைக்கதிர் பருவத்தில், அதாவது கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கும் கட்டத்தில், அதன் குருத்து நுனி தண்டோடு மேலே ஏறி நிற்கும். மாடு கடித்தால் நுனியும் போகும். மறுபடி தழைக்க மண்ணில் ஈரமும் இருக்காது. ரஷ்யப் புல் அப்படியல்ல. கடிபட்டதும் வேர் வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு புதுத் தூர்களைத் தள்ளும். ஆகவே ஓர் அடைப்பைத் தொடர்ந்து இரண்டு வருடம் தொண்டைக்கதிர் பருவத்தில் மேய்க்காதீர்கள். சீக்கிரம் விட்டு, ஈரம் தீருமுன் ஓட்டிச் சென்றுவிடுங்கள்.

அடுத்து, ரஷ்யப் புல்லைக் குறைத்துவிட்டு நாட்டு விதை போடும் முயற்சி. ஒரே தடவை வட்டுக் கலப்பை ஓட்டி விதைத்தால் பெரும்பாலும் பணம் வீண். மண்ணில் பழைய புல்லின் விதை ஏராளமாகக் கிடக்கும். உழவு அதை எழுப்பிவிடும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தெளிப்பதானால் புல் பச்சையாகத் துளிர்க்கும் வசந்தத் தொடக்கத்தில் தெளிக்க வேண்டும். முந்தைய இலையுதிர் காலத்திலேயே காய்ந்த பழைய புல்தாளை மேய்த்தோ அறுத்தோ அகற்றுங்கள். இல்லாவிட்டால் மருந்து சருகில்தான் விழும். முளைத்து வருவதையும் ஒழிக்க மறு வசந்தத்திலும் தெளிக்க நேரிடும். பக்கத்தில் சீட்கிராஸ் என்ற களைப்புல் இருந்தால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். காலி இடத்தை அந்த ஒருபருவக் களைதான் பிடிக்கும். அது காய்ந்து எரிந்தால், தீக்குப் பின் அடித்தூரிலிருந்து துளிர்க்காத சேஜ்பிரஷ் மொத்தமாகப் போகும்.

விதைப்பில் அதிகம் சொதப்புவது ஆழம். புளூபன்சுக்கு ஒரு சென்டிமீட்டர் சரி. சேஜ்பிரஷ் விதையோ தூசி மாதிரி. கிலோவுக்குச் சுமார் 50 லட்சம். சில மில்லிமீட்டர் மண் மூடினாலே வெளியே வராது. இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து விதைப்புக் கருவியில் ஓட்டினால் புதர் விதை புதைந்துபோகும். தனிப் பெட்டியில் போட்டு, விதை இறங்கும் குழாயைக் கழற்றி, விதையை மண்மேல் உதிரவிட்டு, உருளையால் அழுத்துங்கள். காலம், இலையுதிர் காலக் கடைசியிலிருந்து குளிர்காலம் வரை.

வாங்கும்போது மூட்டையின் எடையை நம்பாதீர்கள். சேஜ்பிரஷ் விதையில் தூய்மை 15 சதவீதம், முளைப்புத்திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவில் உயிருள்ள விதை 120 கிராம்தான். மீதி பெரும்பாலும் இலைத்தூளும் குச்சியும். பழைய இருப்பை வாங்குவதும் ஆபத்து. இந்த விதைக்கு ஆயுள் குறைவு.

விதைத்தபின் குறைந்தது இரண்டு வளர்பருவம் மாடு உள்ளே வரக்கூடாது. இரண்டு பருவம் முடிந்ததாலேயே கதவைத் திறந்துவிடாதீர்கள். இளம் புல்லைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து வந்தால் மேய்க்கலாம். வேரோடு வந்தால் இன்னொரு வருடம் பொறுங்கள்.