650 ரூபாய்த் தயிரும் என் சுயவிருப்பும்

வணக்கம் மக்களே, கல்லடிக் கடற்கரையில் நிற்கிறேன். காற்று மைக்கைத் தின்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் தயிரும் அதில் ஊற்றும் இனிப்புப் பாணியும் தொடமாட்டேன் என்று போன வீடியோவில் சத்தியம் பண்ணினேனே, நினைவிருக்கிறதா? இதோ சட்டி. எருமைத் தயிர். கடைக்காரர் 700 சொன்னார், 650க்கு இறக்கினேன். எப்படித் தெரியுமா? காசை மெதுவாக எண்ணி, மறுகா அப்படியே பைக்குள் வைத்து, சைக்கிளைத் திருப்பினேன். நாலடி போகவில்லை, "பிள்ளை, 650 தா" என்று கூப்பிட்டார். ஐம்பது ரூபாய்க்கு இவ்வளவா என்று கமெண்டில் எழுதாதீர்கள். எழுதுவீர்கள், தெரியும்.

சரி, சத்தியம் பண்ணிவிட்டு ஏன் வாங்கினேன்? அதில்தான் இன்றைய எரிச்சலே இருக்கிறது. உளவியல் வகுப்பில், மனிதனுக்குச் சுயவிருப்பே, அதாவது தானாக முடிவெடுக்கும் சக்தியே கிடையாது, 1983இல் நிரூபித்தாயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அம்மா கேட்டால் சந்தோஷப்படுவா. அவவுக்கு எல்லாமே தலையெழுத்து.

அந்த 1983 ஆய்வு இதுதான்: அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெற் ஆட்களை உட்காரவைத்து, விரும்பிய நேரத்தில் மணிக்கட்டை மடக்கச் சொன்னார். 2.56 செக்கனில் ஒரு சுற்று வரும் புள்ளியைப் பார்த்து, மடக்க நினைத்த கணத்தை அவர்கள் சொல்லவேண்டும். மூளையில் ஒரு மின் அலை அசைவுக்குச் சுமார் 550 மில்லிசெக்கன் முன்பே எழும்பிவிட்டது. அவர்கள் சொன்ன கணமோ 200 மில்லிசெக்கன் முன்புதான். அதாவது நாம் நினைக்கும் முன்பே மூளை தொடங்கிவிட்டதாம்.

மணிக்கட்டு! நான் கடையைக் கடந்து போய், திரும்பி வந்து, கால் மணித்தியாலம் என்னோடு நானே சண்டை பிடித்தவள். இரண்டும் ஒரே தராசா? அந்த அலை முடிவே அல்ல, மூளையின் தற்செயலான ஏற்ற இறக்கங்கள் சேர்ந்து ஓர் எல்லையைத் தொடுவதாக இருக்கலாம் என்று 2012இல் ஷூர்கர் என்ற ஆய்வாளரின் குழு சொல்லிவிட்டது.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். லிபெற்றே சுயவிருப்பை முழுதாகக் கைவிடவில்லை. கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்று தடுக்கலாம் என்றார். எனக்குத் தடுக்கக் கால் மணித்தியாலம் கிடைத்தது, அந்தக் கதை வேண்டாம்.

அப்புறம், 'மனிதன்' என்கிறார்களே, எந்த மனிதன்? ஆர்னெட் என்ற உளவியலாளர் 2008இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு சஞ்சிகைகளை எடுத்து எண்ணினார். ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 68 சதவீதம் அமெரிக்கர்கள். மேற்கத்தியத் தொழில்மய நாடுகளை எல்லாம் சேர்த்தால் 96. உளவியலாளர் கோல்பெர்க், மனிதரின் ஒழுக்க உணர்வு வளரும் படிகளைச் சிக்காகோப் பொடியன்களை வைத்துத்தான் கட்டினார். பெண்களின் குரல் எங்கே என்று கரோல் கில்லிகன் 1982இல் பிடித்துக்கொண்டார். எனக்கு மிகப் பிடித்த மனுஷி.

நானும் யோக்கியமில்லை. ஷூர்கர் கட்டுரை எனக்கு வாய்ப்பாக இருந்ததால் இரண்டு தரம் வாசித்தேன். சூன் குழுவின் 2008 ஆய்வை, எந்தக் கையால் பொத்தானை அழுத்துவார்கள் என்பதன் தடயம் பத்து செக்கன் வரை முன்பே மூளையில் தெரிகிறது என்கிறதே, அதைப் பாதியில் மூடிவிட்டேன். பக்கச்சார்பு என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் நான்! அந்த ஆய்வில் சரியாக ஊகித்தது 60 சதவீதமளவில்தான் என்பது மட்டும் நன்றாக மனதில் நிற்கிறது, பாருங்கள்.

ஆ, பாணி! பாணிப் போத்தலைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். காசு கொடுத்தாயிற்று. இந்தக் கமராவைக் கொஞ்சம் பிடியுங்கள்... யார் பிடிப்பது, தனியாகத்தானே வந்தேன்.