மடிக்கோலைப் பிடித்த கை

(மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பிராமண சமூகத்துப் பெண்களும் சீர்திருத்தமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் சட்டத்தையும் மாநாட்டையும் தலைவர்களையும் முதலில் சொல்வார்கள். நான் ஒரு மூங்கில் கழியைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

மடிக்கோல். என் வயசுக்காரர்களுக்குத் தெரியும். மடி என்றால் குளித்துவிட்டு யார்மேலும் படாமல் காக்கிற ஆசாரச் சுத்தம். துவைத்த புடவையை யார் கையும் படாத உயரத்தில், உத்தரத்தை ஒட்டிக் கட்டிய கொடியில் உலர்த்தவும், விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து அதை எடுக்கவும் வைத்திருக்கிற கோல். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் இருந்த எங்கள் தாத்தா வீட்டில் அந்தக் கோல் ஒருவர் கையில்தான் இருக்கும். தாத்தாவின் அக்கா. எங்களுக்கு அத்தைப்பாட்டி.

அவளுக்குப் பதினோரு வயதில் எல்லாம் முடிந்துபோயிற்று. "அத்தைப்பாட்டி, அவர் எப்படி இருப்பார்?" என்று ஒரு கோடை விடுமுறையில் கேட்டேன். எனக்கு அப்போது பத்து வயது, என்ன கேட்கிறோம் என்று தெரியாத வயது. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்குப் பாத்தேன். ஒரே ஹோமப் புகையா இருந்தது."

நாலு மணிக்கு எழுந்து, குளித்து, அந்தக் கோலால் நார்மடியை இறக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனால் பகல் இரண்டு மணிக்கு வெளியே வருவாள். பதினாறு பேருக்குச் சமையல். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவள் சாப்பாடு, ஒரே வேளை. ராத்திரிக்குக் கொஞ்சம் அவல். ஏகாதசியன்று அதுவும் கிடையாது. யாராவது ஊருக்குக் கிளம்பினால் அவளாகவே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். எதிரே வந்துவிடக் கூடாதே. மாதத்துக்கு ஒருமுறை கொல்லைப்புறம் நாவிதர் வருவார். கத்தியைத் தோலில் தீட்டுகிற சத்தம் கேட்டதும் பாட்டி எங்களை வாசல் பக்கம் விரட்டிவிடுவாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாப்பிட்டு முடித்து மடி கலைந்த பிறகுதான் அத்தைப்பாட்டி எங்களைத் தொடுவாள். அதனால் எங்கள் வீட்டுப் பெண் குழந்தைகளுக்குத் தலை பின்னுகிற நேரம் காலையில் கிடையாது, சாயங்காலம் மூன்று மணிக்கு. வரிசையாக உட்காருவோம், ஏழு பேர். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இழுத்துப் பின்னி, குஞ்சலம் வைத்து விடுவாள். ஒரு முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தலையில் முடியே வளர்த்திராத ஒருத்திக்கு அந்தக் கைநேர்த்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் வேலை பார்த்தது வங்கியில், கணக்கை விடமாட்டேன். கூட்டுக் குடும்பத்தில் புருஷனை இழந்தவளுக்கு 1937-க்கு முன்னால் சொத்தில் பங்கு கிடையாது. ஜீவனாம்சம் மட்டும், அதாவது சோறும் துணியும். 1937 சட்டம் பங்கு கொடுத்தது, ஆனால் அவள் ஆயுள்வரை அனுபவிக்கிற உரிமையாக மட்டும். விற்கவும் எழுதிவைக்கவும் முழு உரிமை வந்தது 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தோடுதான். அதுவரை அந்தச் சோற்றுக்கு அவள் என்ன கொடுத்தாள்? சமையல் கொடுத்தாள். பிரசவம் பார்த்தாள், அப்பளம் இட்டாள், சிராத்தத்துக்குப் பண்டம் செய்தாள். தலையை மழிக்காத கைம்பெண் கையால் ஆசாரக்காரர்கள் தீர்த்தம்கூட வாங்கமாட்டார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்தக் கத்திதான் அவளுக்கு அடுப்பங்கரைக்குள் நுழைய அனுமதிச் சீட்டு. சம்பளம் கேட்காத, பிறந்தகத்துக்கு அடிக்கடி போகாத, பிள்ளைகுட்டி இல்லாத, எப்போதும் மடியாக இருக்கிற ஒரு கை. அந்தக் கை இல்லாமல் அந்த வீட்டு ஆசாரம் ஒரு நாள் ஓடியிருக்காது.

சாஸ்திரம்தானே அப்படிச் சொல்கிறது என்பார்கள். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளித் தென்கலை ஐயங்கார்கள், அவர்களும் பிராமணர்கள்தான், இருந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் கைம்பெண்ணுக்குத் தலை மழிப்பது கிடையாது. அவர்களுக்கும் வேதம் அதேதான், காவிரியும் அதேதான். அதே ஊரில் வயலில் இறங்கி வேலைசெய்த பல சாதிகளில் அறுத்துக் கட்டுகிற வழக்கம், அதாவது தாலி அறுத்தவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்வது, சாதாரணமாக இருந்தது. பிறகு நாலு காசு வந்து மேலே வந்தபோது அவர்களில் சிலர் எங்களைப் பார்த்து அதை நிறுத்தினார்கள். நாங்கள் கொடுத்த சீதனங்களில் இதுவும் ஒன்று.

திண்ணையில் சீர்திருத்தம் பேசிய ஆண்களைக் குறைத்துச் சொல்லமாட்டேன். 'தி இந்து'வையும் சுதேசமித்திரனையும் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889-இல் பம்பாய் காங்கிரஸ் சமயத்தில், சிறுவயதில் கணவனை இழந்த தன் மகள் சிவப்பிரியாவுக்கு மறுமணம் செய்துவைத்தார். கைம்பெண் மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. முப்பத்துமூன்று வருஷம் கழித்தும் அதற்குச் சென்னையை விட்டுப் பம்பாய்க்குப் போகவேண்டியிருந்தது. சாதிக்காரர்கள் ஒதுக்கிவைத்தார்கள். ஒதுக்கிவைப்பது என்றால் என்ன தெரியுமா? வாசலில் இருக்கிற ஆணுக்கு அது ஒரு கெளரவப் பிரச்சினை. உள்ளே இருக்கிற பெண்ணுக்கு, சிராத்தத்துக்குச் சாஸ்திரிகள் வரமாட்டார், வளைகாப்புக்கு நாத்தனார் வரமாட்டாள், கிணற்றடியில் பேச்சு நின்றுபோகும். சீர்திருத்தக்காரரின் வீரத்துக்கு வட்டி கட்டியவர்கள் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்கள்.

1914-இல் மிதவாதத் தலைவர் சீனிவாச சாஸ்திரி சென்னைச் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். பெண் வயதுக்கு வந்த பிறகு செய்கிற கல்யாணமும் செல்லும் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்டார். நிறைவேறவில்லை. பிறகு 1929-இல் குழந்தை மணத்தைத் தடுக்கிற சாரதா சட்டம்: பெண்ணுக்குப் பதினாலு, பையனுக்குப் பதினெட்டு. 1930 ஏப்ரல் 1 முதல் அமல். சட்டம் நிறைவேறியதற்கும் அமலுக்கு வந்ததற்கும் நடுவில் ஆறு மாதம் இருந்ததில்லையா, அந்த ஆறு மாதத்தில் நாடெங்கும் கல்யாணங்கள் குவிந்தன. என் அம்மாவின் அம்மாவுக்கு அந்த மாசியில்தான் கல்யாணம், ஒன்பது வயது. போனால் போகிறது என்று ஏழு வயதுத் தங்கைக்கும் அதே பந்தலில் முடித்துவிட்டார்கள். "சமையல் ஒண்ணாப் போச்சு" என்பாள் பாட்டி. மீறினால் ஒரு மாதம் வரை வெறுங்காவல், ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் கட்டிய தாலி செல்லும். புகார் கொடுக்கிறவரிடம் நூறு ரூபாய் வரை பிணை கேட்கலாம் என்று வேறு எழுதியிருந்தார்கள். 1930-இல் நூறு ரூபாய்! பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில் அந்தச் சட்டமே கிடையாது. கும்பகோணத்திலிருந்து காரைக்கால் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியென்றால் எதுதான் அசைத்தது? என் கட்சி இதுதான்: அந்தக் கையை அடுப்பங்கரையிலிருந்து யார் வெளியே எடுத்தார்களோ அவர்கள்தான் அசைத்தார்கள்.

சகோதரி சுப்புலட்சுமி 1886-இல் பிறந்தவர். சிறுமியாகவே கணவனை இழந்தவர். பெற்றோர் தலையை மழிக்காமல், படிக்கவைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துக் கைம்பெண் அவர். அடுத்த வருஷமே தன்னைப் போன்ற சிறுமிகளைச் சேர்த்துப் படிக்கவைக்கிற வேலையில் இறங்கிவிட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களோடு ஆரம்பித்தது, வளர்ந்து, கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டின கட்டடம். 1897-இல் விவேகானந்தர் தங்கிய இடம். ஒன்பது பத்து வயதில் வீட்டுக்கு ஆகாதவர்கள் ஆகிப்போன பெண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

அவர் செய்த தந்திரத்தைக் கவனியுங்கள். அங்கே சமையல் மடி. ஆசாரம் குறையாது. குழந்தையை அனுப்பினால் சாதி கெடாது என்று அப்பாக்கள் நம்பவேண்டுமே. சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் சிறுவயதில் கணவனை இழந்தவர். ஒரு கைம்பெண் மடியாகச் சமைத்துப் போட, மற்றக் கைம்பெண்கள் படித்து வாத்தியாரம்மாக்கள் ஆனார்கள். இது சமரசம் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். பிராமணப் பெண்களுக்கு மட்டும் விடுதியா என்ற கேள்வி நியாயமான கேள்வி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆதரவற்ற பெண்களுக்காக 1930-இல் தொடங்கிய அவ்வை இல்லத்தில் அந்த வேலி கிடையாது. ஆனால் என் அத்தைப்பாட்டிக்கு அந்த ஐஸ் ஹவுஸுக்குப் போக ரயில் சார்ஜ் கொடுத்து அனுப்ப ஒருவர் இருந்திருந்தால், எங்கள் வீட்டில் பதினாறு பேருக்கு யார் சமைத்திருப்பார்கள்? தாத்தாவுக்கு இந்தக் கேள்வி தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மற்ற ஆசாரங்கள் போன விதமும் இப்படித்தான். 1981-இல் கல்யாணமாகி மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வந்தேன். கொல்லை கிடையாது, ரேழி கிடையாது. மூன்று நாள் விலகி உட்காரவேண்டும் என்றார் மாமியார். உட்கார்ந்தேன். முதல் மாதம் அவரே எல்லாம் செய்தார். இரண்டாவது மாதம் முழங்கால் வலி. மூன்றாவது மாதம் காலை ஐந்தரைக்கு வந்து நின்றார்: "குளிச்சுட்டு வந்து அடுப்பைப் பத்தவைடி. பெருமாள் பக்கம் மட்டும் போகாதே." எந்தப் பெரியாரும் எந்தச் சட்டமும் வரவில்லை. வீட்டில் மாற்றுக் கை இல்லை. (இங்கே முன்வரிசை மாமிகள் சிரித்தார்கள்.)

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா உயில் எழுதாமல் போனார். 1956 சட்டப்படி அவர் சம்பாதித்துக் கட்டின வீட்டில் எனக்கும் தங்கைக்கும் அண்ணனுக்குச் சமமான பங்கு. ஒரு நாள் பத்திரப்பதிவுக்கு வரச்சொன்னார்கள். விடுதலைப் பத்திரம். பெயரைப் பாருங்கள்! பங்கை விட்டுக்கொடுத்தால் விடுதலை. கட்டைவிரலில் மை வைத்துப் பதிந்தேன். துடைக்கத் துணி இல்லை, கைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டில் துடைத்துக்கொண்டேன். மன்னி அரக்குக் கலரில் பட்டுப்புடவை வாங்கி வைத்திருந்தாள். வங்கியில் ஊருக்கெல்லாம் வாரிசுச் சான்றிதழ் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். "அண்ணாவோடு மனஸ்தாபம் எதுக்கு" என்றாள் அம்மா. யாரும் மிரட்டவில்லை. அம்மா இருக்கிறவரை அந்த வீட்டுக்கு உரிமையோடு போய்வர நான் கட்டின கட்டணம் அது. புடவை நல்ல புடவைதான், இன்னும் பெட்டியில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. என் கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்கிறேன், கலர் புடவை கட்டுகிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கல்யாண மண்டபத்தில் ஊஞ்சலுக்குப் பச்சைப்பிடி சுற்ற, அதாவது திருஷ்டிக்குக் கலர் சாத உருண்டை சுற்றிப்போட, சுமங்கலிகளைக் கூப்பிடும்போது மட்டும் எனக்குக் கைபேசியில் ஏதோ வேலை வந்துவிடும். அத்தைப்பாட்டிக்குக் கதவு, எனக்குக் கைபேசி.

இன்று இந்தக் கூட்டத்துக்கு உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெண் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சந்தனம், கல்கண்டு, குங்குமம். பன்னீர் தெளித்தாள், கல்கண்டு எடுத்துக்கொண்டேன். குங்குமச் சிமிழை நீட்டினாள். சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றிக் குறிப்பெழுதிய காகிதம் இடது கையில் இருக்கிறது. வலது கை தானாகப் பின்னால் போயிற்று. அந்தப் பெண் தட்டை நகர்த்தவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது.

"எடுத்துக்கோங்கோ மாமி, நேரமாறது" என்றாள்.