கண்ணுக்குத் தெரியுற ரோட்டுல பாதி: ஏற்காடு மலைய ரசிச்சு ஓட்டுறது எப்படி?

வணக்கம் மக்களே. வண்டிய ஏற்காடு அடிவாரத்துல ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசிட்டிருக்கேன். இந்த வீடியோ முழுக்க அப்படித்தான் இருக்கும். ஓடும்போது கேமரா முன்கண்ணாடி கிட்ட மாட்டினபடி அதுபாட்டுக்கு எடுக்கும், நான் வாயத் திறக்க மாட்டேன். பேசணும்னா நிறுத்திட்டுப் பேசுவேன்.

வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு எங்க இருக்கு, அத எப்படி ஓட்டுறதுன்னு ரொம்ப பேர் கேக்கறீங்க. முதல்ல எங்க இருக்குங்கறதப் பாத்துரலாம். சேலத்துக்காரங்க இந்த விஷயத்துல குடுத்து வச்சவங்க. ஏற்காட்டுக்கு இந்தப் பக்கம் ஏறுனா 20 கொண்டை ஊசி வளைவு. நாமக்கல் பக்கம் போனா கொல்லிமலை, அங்க 70. அரூர் போற வழியில மஞ்சவாடி கணவாய். வாழப்பாடி தாண்டிப் போனா கருமந்துறை, கல்வராயன் மலை. காலையில டீ குடிச்சிட்டுக் கிளம்புனா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம், அவ்வளவு பக்கம்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச ரோடு. தெரியாத ரோட்டக் கண்டுபிடிக்க நான் ஒண்ணு பண்ணுவேன். மேப்புல ரெண்டு ஊருக்கு நடுவுல வழி கேளுங்க. தூரத்தையும் நேரத்தையும் சேத்துப் பாருங்க. 20 கிலோமீட்டருக்கு 50 நிமிஷம் காட்டுதுன்னா, நடுவுல ஊர் நெரிசல் எதுவும் இல்லைன்னா, அது வளைவு ரோடாத்தான் இருக்கணும். அப்புறம் மேப்ப டெரெய்னுக்கு மாத்துனா மலையோட உயரக் கோடுகள் தெரியும். கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, விலகி இருந்தா சாய்வு. ரோடு அந்த நெருக்கமான கோடுங்கள நேரா வெட்டாம சாஞ்சு சாஞ்சு ஏறுதுன்னா, நீங்க தேடுன ரோடு அதுதான்.

ஆனா கோடு இருக்குன்னு கிளம்பிராதீங்க. சாட்டிலைட் படத்துல தார் ரோடா, மண் ரோடான்னு பாருங்க. அதையும் விட நல்ல வழி, அந்த ஊருக்கு கவர்மெண்ட் பஸ் போகுதான்னு விசாரிக்கிறது. பஸ் போற ரோட்டுல கார் போயிரும். காபி எஸ்டேட்டுக்குள்ள போற ரோடு நிறைய தனியார் ரோடு, கேட் போட்டிருப்பாங்க. காப்புக்காட்டுக்குள்ள போற ரோட்டுக்கு வனத்துறை அனுமதி வேணும். கேட் திறந்து கிடந்தா உள்ள போலாம்னு அர்த்தம் கிடையாதுங்க.

நேரமும் முக்கியம். ஞாயித்துக்கிழமை, மே மாசம் கோடை விழா நடக்கிற நாளு, இந்த ரெண்டையும் விட்ருங்க. அப்ப வளைவுக்கு வளைவு வண்டி நிக்கும், ரசிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. கூட்டம் தாங்காம ஏற இந்த வழி, இறங்க மலையோட இன்னொரு பக்கம் இருக்கிற குப்பனூர் வழின்னு ஒருவழியாவே மாத்தி விடுவாங்க. சாதாரண நாள்ல விடிஞ்சு கொஞ்ச நேரத்துல வாங்க. வெளிச்சம் இருக்கும், வண்டி இருக்காது.

ஏறுறதுக்கு முன்னாடி டயர் காத்த மட்டும் பாத்துருங்க. டிரைவர் கதவத் திறந்தா பக்கத்துல ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்ட அளவு. டயர் சூடாகறதுக்கு முன்னாடி பிடிக்கணும். டயர் பட்டனோட ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போயிருந்தா மலைக்கே வராதீங்க. சரி, ஏறலாம்.

இப்ப பாதி மலை ஏறி, ரோடு அகலமா இருக்கிற ஒரு இடத்துல ஒதுங்கியிருக்கேன். பின்னாடி தெரியுது பாருங்க, சேலம். அந்த வெள்ளை வெள்ளையாத் தெரியறது மேக்னசைட் வெட்டுன மண்ணு.

இந்த வீடியோவுல நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். கண்ணுக்குத் தெரியுற ரோட்டுல பாதிக்குள்ள வண்டிய நிறுத்த முடியணும். அதுதான் உங்க வேகம். போர்டுல 30 போட்டிருக்கா, 40 போட்டிருக்காங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஏன் பாதி? எதிர்ல ஒருத்தர் வந்துட்டிருப்பார்ல, அவருக்கும் நிக்க இடம் வேணும். முழு தூரத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டா நடுவுல முட்டும். கணக்கு போட்டுப் பாருங்க. 40 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போறோம். ஒண்ணப் பாத்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போறதுக்கு ஒன்றரை செகண்ட்னு வைங்க, அதுலயே 16, 17 மீட்டர் போயிருச்சு. அதுக்கப்புறம் காஞ்ச ரோட்டுல நல்ல பிரேக் பிடிச்சாலும் இன்னொரு 10 மீட்டர். ஆக 27. அதே 60ல வந்தா 48 மீட்டர் கிட்ட. இறக்கத்துல, ஈரத்துல இன்னும் கூடும். இப்ப இந்த வளைவப் பாருங்க. பாறை மறைக்குது, 50 மீட்டருக்கு மேல தெரியல. பாதி 25. அப்ப இங்க 40 கூட ஜாஸ்தி. 60ல வர்றவரு எவ்வளவு கெட்டிக்கார டிரைவரா இருந்தாலும், திரும்புன இடத்துல ஒரு மாடு நின்னா ஒண்ணும் பண்ண முடியாது.

இதுல சந்தோஷம் எங்கன்னு கேப்பீங்க. நான் மனசாரச் சொல்றேன், சந்தோஷமே இதுலதான் இருக்கு. வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சு, கியர மாத்தி, திரும்ப ஆரம்பிச்ச பிறகு பிரேக் பக்கமே போகாம, ஒரே அளவா ஆக்ஸிலேட்டர் குடுத்து, ஸ்டியரிங்க ஒரு தடவை திருப்பி ஒரு தடவை விட்டு வெளிய வரணும். பக்கத்துல உக்காந்திருக்கறவங்க தலை ஆடக்கூடாது. பின்சீட்ல குழந்தை தூங்குனா தூங்கிட்டே இருக்கணும். ஒரு வளைவ அப்படி எடுத்துட்டா அடுத்தத எப்ப எடுப்போம்னு இருக்கும். 20 வளைவும் அப்படி அமைஞ்சா அன்னைக்குப் பூரா மனசு நிறைஞ்சிருக்கும். மலை ஏறும்போது வாந்தி வருதுன்னு சொல்றாங்கல்ல, அதுல பாதி ஓட்டுறவரு பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மாத்தி மாத்தி மிதிக்கறதால வர்றது. வளைவு மேல மட்டும் பழியப் போடக்கூடாது.

வேகத்தப் பத்தி இன்னொண்ணு. வேகம் ரெண்டு மடங்கானா வளைவுல வண்டிய வெளிய தள்ளுற இழுப்பு ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 30ல சுகமா இருந்த வளைவு 60ல வேற வளைவு. வளைவுக்கு நடுவுல பயந்து பிரேக் அடிச்சா, திரும்பறதுக்குச் செலவாக வேண்டிய டயர் பிடிமானம் பிரேக்குக்குப் போயிரும். வண்டி நேரா ஓடும். அதனாலதான் குறைக்கறதெல்லாம் வளைவுக்கு முன்னாடியே குறைச்சிரணும்.

கண்ணு எங்க பாக்குதோ வண்டி அங்க போகும். தடுப்புச் சுவரப் பாத்தா சுவருக்குத்தான் போகும். வளைவு முடியுற இடத்தப் பாருங்க. வலது பக்கம் திரும்புற வளைவுல ரோடு நல்லாத் தெரியும், அதனாலயே நடுக்கோட்டத் தாண்டி வெட்டிப் போக ஆசை வரும். போகாதீங்க. பைக்ல வர்ற தம்பிங்களுக்கு இத அழுத்திச் சொல்றேன். வலது வளைவுல சாயும்போது உங்க டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும், ஆனா உங்க தலை கோட்டத் தாண்டி எதிர் வண்டி வர்ற பாதையில நீட்டிட்டு இருக்கும். எதிர்ல பஸ் வந்தா? டயர்ல இருந்து கோட்டுக்கு ஒரு ஆள் சாயுற அளவு இடம் விட்டு ஓட்டுங்க.

கொண்டை ஊசியில பஸ்ஸுக்கு முழு ரோடும் வேணும். அது டிரைவரோட தப்பு கிடையாது, வண்டியோட நீளம் அப்படி. மேல இருந்து பஸ் இறங்கறது தெரிஞ்சா வளைவுக்குள்ள மூக்க நுழைக்காம கீழயே நின்னு வழிய விடுங்க. மத்தபடி குறுகலான மலை ரோட்டுல சட்டம் என்னன்னா, இறங்கற வண்டிதான் ஒதுங்கி நின்னு ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும். ஏறுற வண்டி நின்னா மறுபடி கிளப்பறது கஷ்டம். ஜன்னல் கண்ணாடிய ரெண்டு விரல் அளவு இறக்கி விட்டு, பாட்டக் குறைச்சிருங்க. எதிர் வண்டி ஹாரன் கேக்கணும்.

மேல வந்தாச்சு. ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல இருக்கு, சேலத்த விட நல்ல குளிர். லேடிஸ் சீட்னு ஒரு காட்சி முனை இருக்கு, அங்க நின்னு பாத்தா நம்ம ஏறி வந்த ரோடு கீழ வளைஞ்சு வளைஞ்சு தெரியும். ஏரியப் பாத்துட்டு எல்லாரும் திரும்பிடறாங்க. என்னக் கேட்டா, ஓட்டறதுல ஆசை இருக்கறவங்க 32 கிலோமீட்டர் லூப் ரோட்டுக்குத்தான் போகணும். ஏற்காட்டுலயே ஆரம்பிச்சு ஏற்காட்டுலயே முடியும். ரெண்டு பக்கமும் காபித் தோட்டம், சில்வர் ஓக் மரம், அதுல மிளகுக் கொடி. பெரிய ஏத்தம் இறக்கம் இல்லாம சின்னச் சின்ன வளைவா வந்துட்டே இருக்கும். மலை ரோடு புதுசுன்னா முதல்ல இதுல பழகறது நல்லது.

ஆனா பாதின்னு சொன்னேன்ல, அது இங்கதான் ரொம்பத் தேவை. ரோடு குறுகல், மர நிழல்ல மேடு பள்ளம் தெரியாது. உதிர்ந்த இலை ஈரமா இருந்தா டயர் வழுக்கும். காபி பழம் பறிக்கிற சீசன்ல ஆட்களையும் மூட்டையையும் ஏத்திட்டு ஜீப்பும் லாரியும் வரும். சாயங்காலமும் விடியக்காலையும் காட்டெருமை ரோட்டுக்கு வரும். ஒண்ணு கடந்துருச்சேன்னு கிளம்பிராதீங்க, பின்னாடியே இன்னும் வரும். ஹாரன் அடிக்காம, லைட்டக் குறைச்சு, நின்னு விடுங்க. குரங்குக்குத் தீனி போடாதீங்க. தீனிக்குப் பழகின குரங்கு வண்டிச் சத்தம் கேட்டாலே ரோட்டுக்கு வரும், அடிபட்டுச் சாகும்.

இந்த மலையில மலையாளிப் பழங்குடி மக்களோட ஊர் நிறைய இருக்கு. ஸ்கூல் போற பிள்ளைங்க, தலைச்சுமையோட பஸ்ஸுக்கு நடக்கற அம்மாக்கள், எல்லாரும் இந்த ரோட்டு ஓரமாத்தான் வருவாங்க. நடக்கறதுக்கு வேற இடம் கிடையாது. நமக்கு ஒரு நாள் சந்தோஷம், அவங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறதும் இதே ரோடுதான். ஊருக்குள்ள இருபதுலயே போங்க.

பனி இறங்குனா லோ பீம் போடுங்க. ஹை பீம் போட்டா வெளிச்சம் பனியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பும். ஓடிட்டிருக்கும்போது நாலு இண்டிகேட்டரையும் போடாதீங்க, நீங்க எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னு பின்னாடி வர்றவருக்குத் தெரியாது.

இறங்கறதுக்கு கொட்டச்சேடு வழியா குப்பனூர் ரோட்ட எடுத்தேன். இப்ப கீழ வந்துட்டேன், இன்ஜின அணைச்சாச்சு. ஏறுறத விட இறங்கறதுதான் ஆபத்து. 2024 ஏப்ரல் 30ஆம் தேதி ஏற்காட்டுல இருந்து சேலம் இறங்குன தனியார் பஸ் 13வது வளைவு கிட்ட கவிழ்ந்து, உயிர் போச்சு. அந்த இடத்தக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

பழைய டிரைவருங்க சொல்றது, எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு. ரெண்டாவது கியர்ல விட்டா இன்ஜினே வண்டியப் பிடிச்சுக்கும், பிரேக்குக்கு வேலை கம்மி. ஆட்டோமேட்டிக் வண்டின்னா மேனுவல் மோடு, இல்லன்னா எல் போட்டுக்கங்க. பிரேக்க விடாம மிதிச்சுக்கிட்டே வந்தா பேடு சூடாகிப் பிடிமானம் போயிரும். பிரேக் ஆயில் பழசுன்னா அதுல ஈரம் ஏறியிருக்கும். சூட்டுல அது கொதிச்சு ஆவியானா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தச் சொல்றது இதுக்குத்தான். கருகுன வாசனை வந்தா பத்திரமான இடமாப் பாத்து நிறுத்தி, கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வச்சு ஆற விடுங்க. தண்ணி ஊத்தாதீங்க.

நியூட்ரல்ல இறங்கறது மட்டும் எந்தக் காலத்துலயும் வேண்டாம். தொப்பூர் கணவாய்ல எத்தனை லாரி விபத்து, அதுல டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல விட்டதுன்னு எத்தனை. மிச்சமும் ஆகாதுங்க. இப்ப வர்ற வண்டியில கியர்ல இருந்துக்கிட்டு ஆக்ஸிலேட்டர விட்டா எரிபொருளே நின்னுரும். நியூட்ரல்லதான் இன்ஜின் ஓடறதுக்கு எண்ணெய் குடிக்கும். இன்ஜின அணைச்சிட்டு இறங்குனா இன்னும் மோசம். ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பிரேக் கல்லாயிரும், ஸ்டியரிங் இறுகிரும்.

மழை நேரத்துல வர்றவங்க கிளம்பறதுக்கு முன்னாடி ரோடு திறந்திருக்கான்னு செய்தி பாத்துட்டு வாங்க. 2024 டிசம்பர்ல ஃபெங்கல் புயல் மழையில இந்த மலையில மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு. மழை விட்ட மறுநாளும் பாறை உருளும். மண் சரிஞ்ச தடம் தெரியுற இடத்துல வண்டிய நிறுத்தி போட்டோ எடுக்காதீங்க.

இங்க குப்பனூர்ல இருந்து ஒரு பக்கம் சேலம், ஒரு பக்கம் அரூர். நான் மஞ்சவாடி கணவாய் பக்கம் போயிட்டு வர்றேன், அது அடுத்த வீடியோ. உங்க ஊர்ப் பக்கம் நல்ல வளைவு ரோடு இருந்தா கீழ எழுதுங்க. பஸ் போகுதா, மழையில எப்படி இருக்கும், எந்த நேரத்துல ஆள் நடமாட்டம் ஜாஸ்தி, இந்த மூணையும் சேத்து எழுதுங்க. படிச்சுப் பாத்துட்டு ஒவ்வொண்ணா வர்றேன்.